மலை ஃபீடரைக் கணினியில் கட்டிப் பார்ப்பது எப்படி?

நீலகிரியில் எந்த டீக்கடையில் மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பைக்காரா இங்கதான் இருக்கு, குந்தா இங்கதான் இருக்கு, அப்புறம் நம்ம வீட்டு பல்பு மட்டும் ஏன் சாயங்காலம் ஆனா மங்குது?" நியாயமான கேள்வி. பைக்காரா 1932 முதல் மின்சாரம் தருகிறது. குந்தாவின் ஆறு மின்நிலையங்களின் திறன் மட்டும் 585 மெகாவாட். ஆனால் அந்த மின்சாரம் 110, 230 கேவி (கிலோவோல்ட், அதாவது ஆயிரம் வோல்ட்) லைன்களில் ஏறிச் சமவெளிக்குப் போய்விடுகிறது. நம் வீட்டுக்கு வருவது வேறு வழி. துணை மின்நிலையத்திலிருந்து தேயிலைத் தோட்டம், பள்ளம், சோலை எல்லாம் தாண்டி வரும் 11 கேவி ஃபீடரில் (பல ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) கடைசி டிரான்ஸ்பார்மருக்கு எவ்வளவு வோல்டேஜ் மிஞ்சுகிறதோ, அதுதான் நம் பல்புக்கு.

அந்த ஃபீடரைக் கணினியில் மாதிரியாகக் கட்டி ஓட்டினால் டீக்கடைக் கேள்விக்கு எண்களோடு பதில் சொல்லலாம். மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். டிப்ளமோ, பொறியியல் படிக்கும் பிள்ளைகள், மின்வாரியத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் மின்பிரிவைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய வேலை. மென்பொருளைக் கற்பது இதில் சின்னப் பங்குதான். பெரும்பங்கு லைனை அறிவது.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

"ஃபீடரை மாடல் செய்யப் போகிறேன்" என்று தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் எவ்வளவு, லைனில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பது கேள்வி என்றால் உங்களுக்கு வேண்டியது லோட் ஃப்ளோ, அதாவது சுமையை வைத்து ஒவ்வொரு இடத்தின் வோல்டேஜையும் கண்டுபிடிக்கும் கணக்கு. மரம் விழுந்தால் எத்தனை ஆம்பியர் பாயும், பிரேக்கர் விழுமா என்பது கேள்வி என்றால் ஷார்ட் சர்க்யூட் கணக்கு. மின்நிலையத்தில் ஒரு யூனிட் திடீரென்று நின்றால் ஃப்ரீக்வென்சி என்ன ஆகும் என்பது வேறு உலகம், அங்கே நொடிக்கு நொடி மாறுவதைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் லோட் ஃப்ளோவில் தொடங்குவதே சரி.

லைனோடு நடங்கள்

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு ஓடுபவர்கள்தான் அதிகம். மலையில் இதைத் தாண்டினால் அடுத்தடுத்த படிகள் எல்லாமே வீண்.

பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரான ஏஇயிடம் கல்லூரிக் கடிதமோ முறையான கோரிக்கையோ கொடுத்து ஃபீடரின் ஒற்றைக்கோட்டுப் படத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். படம் பழையதாக இருக்கலாம், அதனால்தான் நடக்கச் சொல்கிறேன். அந்தப் பகுதி லைன்மேன் ஒருவரோடு போவது உத்தமம். "அண்ணே, இந்த ஃபீடர்ல கம்பி எங்க மாறுது?" என்று கேட்டால் எந்தப் படத்திலும் இல்லாத விவரம் அவர் வாயிலிருந்து வரும். தனியாகப் போனால் சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி. கம்பத்தையோ ஸ்டே கம்பியையோ தொடக்கூடாது, டிரான்ஸ்பார்மர் பக்கம் நெருங்கவும் கூடாது.

நடக்கும்போது எழுதிக்கொள்ள வேண்டியவற்றில் முதலாவது நீளம். மலைச்சாலையின் கிலோமீட்டரை லைன் நீளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாலை பத்து வளைவு வளைந்து இறங்கும் இடத்தில் லைன் பள்ளத்தின் மேலே ஒரே தாண்டாகத் தாண்டும். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நேர்க்கோடு போடுவதும் தப்பு, ஏனென்றால் லைன் ஒவ்வொரு ஹட்டியையும் (படுகர் ஊர்) தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு திருப்புக் கம்பத்திலும் கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு துண்டு துண்டாகக் கூட்டுங்கள். சரிவுக்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு 300 மீட்டர் இறங்கும் செங்குத்தான சரிவில்கூட நீளம் 4 சதவீதம்தான் கூடும். பெரிய பிழை வருவது பாதையைத் தப்பாக எடுப்பதில்தான்.

இரண்டாவது கம்பி. ஏசிஎஸ்ஆர் (நடுவில் எஃகு வைத்த அலுமினிய) கம்பிகளுக்கு விலங்குப் பெயர்கள் உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் கிலோமீட்டருக்கு மின்தடை ஸ்குரலுக்குச் சுமார் 1.39 ஓம், வீசலுக்கு 0.93, ராபிட்டுக்கு 0.55, ரக்கூனுக்கு 0.37, டாக்குக்கு 0.28. எண்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன பாருங்கள். ஒரே ஃபீடரில் துணை மின்நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தடித்த கம்பியும், உள்ளே போகப் போக மெல்லிய கம்பியும் இருப்பது சகஜம். எந்தக் கம்பத்தில் கம்பி மாறுகிறது என்பதுதான் உங்கள் மாடலின் உயிர். ஏன் என்பதைக் கீழே கணக்கில் காட்டுகிறேன்.

மூன்றாவது டிரான்ஸ்பார்மர்கள். ஒவ்வொன்றின் கேவிஏ (திறனளவு), எஸ்எஸ் எண் (மின்வாரியம் அதற்குக் கொடுத்த எண்), எந்தக் கிளையில் இருக்கிறது என்பது போதும். 11 கேவி பக்கம் 11,000, எல்டி (தாழ்வழுத்த) பக்கம் 433 வோல்ட் என்று பெயர்ப்பலகையில் இருக்கும், இம்பீடன்ஸும் (மொத்த மின்னெதிர்ப்பு) சதவீதத்தில் அதிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் சில பகுதிகளில் 11க்குப் பதில் 22 கேவி ஓடுகிறது, அதையும் பெயர்ப்பலகையே சொல்லிவிடும். ஏபி சுவிட்ச் (லைனைத் துண்டிக்கும் கம்பத்துச் சுவிட்ச்) எங்கெங்கே இருக்கிறது, எது சாதாரண நாளில் திறந்தே இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். திறந்த சுவிட்சை மூடியதாக வைத்துவிட்டால் பக்கத்து ஃபீடரின் சுமையும் உங்கள் தலையில் விழும்.

சுமை: மலையின் நாளும் பருவமும்

கம்பி அசையாது, சுமை நேரத்துக்கு நேரம் மாறும். துணை மின்நிலையத்தில் மணிக்கு ஒரு முறை ஃபீடரின் ஆம்பியரையும் வோல்டேஜையும் எழுதி வைக்கும் லாக் ஷீட்தான் உங்கள் முதல் ஆதாரம். அதில் உச்சமான ஒரு மணி நேரத்தை எடுத்து, அந்த ஆம்பியரை டிரான்ஸ்பார்மர்களின் கேவிஏ விகிதத்தில் பிரித்துக் கொடுங்கள். இது தோராயம்தான். பிறகு தெரிந்ததை வைத்துத் திருத்துங்கள். உயர் அழுத்த இணைப்பு உள்ள தொழிற்சாலைக்கு மாதந்தோறும் உச்சத் தேவை கேவிஏவில் பதிவாகும், அந்த எண்ணை நேராகவே போடலாம். வீடுகளுக்கு இரண்டு மாத ரீடிங்தான் இருக்கும். அதில் யூனிட் தெரியும், உச்சம் தெரியாது.

சமவெளிக்காரர்கள் எழுதிய பாடத்தில் உச்சம் என்றாலே கோடை ஏசிதான். இங்கே அது செல்லாது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் கீசர் போடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி, குன்னூர் விடுதிகள் நிரம்பி வழிகின்றன. பசுந்தேயிலை குவியும் மாதங்களில் வாட்டும் தொட்டிகளின் ஃபேன்கள் ராத்திரி முழுக்க ஓடுகின்றன, அதிகாலையில் உருட்டும் இயந்திரங்களும் டிரையரும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே ஒரு உச்சம் போதாது. பனிக்காலக் காலை, சீசன் மாலை, இலை அதிகமுள்ள இரவு என்று மூன்று நிலைகளாவது எடுத்து வையுங்கள்.

சுமையின் குணமும் முக்கியம். கீசர் வெறும் மின்தடை. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் அது எடுக்கும் வாட் 19 சதவீதம் குறையும். ஆனால் தண்ணீர் சூடாக நேரம் அதிகம் பிடிக்கும், ஆகவே பக்கத்து வீட்டுக் கீசரோடு சேர்ந்து ஓடும் நேரமும் கூடும். மோட்டார் அப்படியில்லை. ஃபேனும் ரோலரும் கேட்கும் வேலை மாறாது, வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யப் பார்க்கும். அதனால் லைனில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். தொழிற்சாலை நிறைந்த ஃபீடரையும் வீடு நிறைந்த ஃபீடரையும் ஒரே வகைச் சுமையாகப் போட்டால் விடை தப்பும்.

கணினியைத் திறக்கும் முன் தாளில் ஒரு கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபீடர் என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோமீட்டர், முழுக்க ராபிட், கடைசியில் 1 மெகாவாட் சுமை, பவர் ஃபாக்டர் (எடுக்கும் கேவிஏவில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.85. மின்தடை 12 × 0.55 = 6.6 ஓம். ரியாக்டன்ஸ் (கம்பியின் காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) கிலோமீட்டருக்கு 0.37 என்று எடுத்தால் 4.44 ஓம். 0.85 பவர் ஃபாக்டரில் ரியாக்டிவ் சுமை (வேலை செய்யாமல் லைனில் போய்வரும் பங்கு) 0.62 எம்விஏஆர்.

வோல்டேஜ் இறக்கத்துக்கு எளிய சூத்திரம்: மெகாவாட்டை மின்தடையால் பெருக்கு, எம்விஏஆரை ரியாக்டன்ஸால் பெருக்கு, இரண்டையும் கூட்டி, கேவியால் வகு. 6.6 கூட்டல் 2.75, அதாவது 9.35. இதை 11ஆல் வகுத்தால் 0.85 கேவி. கடைசியில் 10.15 கேவி நிற்கும் என்று தோன்றும். ஆனால் அந்த முனையில் 11 கேவி இல்லையே! 11க்குப் பதில் அங்கே உள்ள வோல்டேஜாலேயே வகுக்க வேண்டும். 10.15ஆல் வகுத்தால் இறக்கம் 0.92, வோல்டேஜ் 10.08. மறுபடி 10.08ஆல் வகுங்கள். இப்படியே போனால் 10.07இல் வந்து அசையாமல் நின்றுவிடும். இப்படிச் சுற்றிச் சுற்றி நெருங்குவதுதான் லோட் ஃப்ளோவின் அடிப்படை. 1967இல் டின்னியும் ஹார்ட்டும் பெரிய வலையமைப்புகளுக்கு நியூட்டன் முறையை வேகமாகப் போடும் வழியைக் காட்டினார்கள். இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது அதன் வாரிசுதான்.

ஆம்பியர் சுமார் 67. லைனில் வீணாவது சுமார் 90 கிலோவாட். ஒரு மெகாவாட் கொண்டுபோய்ச் சேர்க்க இவ்வளவு.

இப்போது கடைசி 4 கிலோமீட்டர் மட்டும் வீசல் என்று வையுங்கள். மின்தடை 8.12 ஓம் ஆகிவிடும். அதே கணக்கைப் போட்டால் 9.90 கேவி, இழப்பு சுமார் 115 கிலோவாட். 11 கேவியில் 9 சதவீதம் வரை இறங்கலாம் என்பது விதி, அதாவது 10.01 வரை. ராபிட் என்று நினைத்தபோது விதிக்குள் இருந்த ஃபீடர், உண்மையில் விதிக்கு வெளியே நிற்கிறது. மேசையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஒரு எச்சரிக்கை. சுமை முழுவதையும் கடைசியில் வைத்தது கணக்கை எளிதாக்கத்தான். நீளம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் வோல்டேஜ் இறக்கம் ஏறக்குறையப் பாதியாகும், இழப்பு மூன்றில் ஒரு பங்காகும். நிஜ ஃபீடர் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். அந்த 'எங்கோ'வைக் கண்டுபிடிக்கத்தான் கணினி.

மென்பொருள்

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டைச் சொல்வேன். ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனமும் காசல் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பாண்டாபவர் ஒன்று. அது பைத்தான் மொழிக்குள் ஓடும். அமெரிக்காவின் மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனமான எப்ரி 2008இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஓப்பன் டிஎஸ்எஸ் இன்னொன்று. 11 கேவியில் மூன்று ஃபேசும் ஏறக்குறையச் சமம் என்று எடுத்துக்கொள்பவர்களுக்குப் பாண்டாபவர் எளிது. எல்டி லைனில் ஒரு ஃபேசில் மட்டும் நாற்பது வீடு தொங்கும் நிலையைப் பார்க்க வேண்டும் என்றால் ஓப்பன் டிஎஸ்எஸ். பைத்தான் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் பாண்டாபவரில் தொடங்குங்கள், என் வாக்கு அதற்குத்தான்.

நிறுவியதும் உங்கள் ஃபீடருக்குப் போகாதீர்கள். ஐஈஈஈ 14 பஸ் (பஸ் என்றால் லைன்கள் சேரும் முனை) என்ற பழைய சோதனை வலையமைப்பு பாண்டாபவரிலேயே உள்ளே இருக்கிறது, 1962இல் அமெரிக்காவில் இருந்த ஒரு மின்வலையின் பகுதி அது. அதை ஓட்டி, பாடநூல்களில் உள்ள விடையோடு ஒப்பிடுங்கள். பிறகு நாம் தாளில் போட்ட 12 கிலோமீட்டர் கணக்கை அப்படியே கட்டுங்கள். துணை மின்நிலையத்துக்கு ஒரு பஸ், கடைசிக்கு ஒரு பஸ், முதல் பஸ்ஸில் வெளி மின்வலை, நடுவில் ஒரு லைன், கடைசியில் ஒரு சுமை. அவ்வளவுதான். ஓட்டினால் கடைசி பஸ்ஸில் 0.916 என்று வரும். 11ஐ ஒன்று என்று வைத்துச் சொல்லும் பர் யூனிட் கணக்கு அது, 11ஆல் பெருக்கினால் நம்முடைய 10.07. இது வந்த பிறகுதான் முழு ஃபீடரைக் கட்ட வேண்டும்.

விடையே வராமல் நின்றால் முதலில் அலகைப் பாருங்கள். பாண்டாபவர் சுமையை மெகாவாட்டில் கேட்கும். 63 கிலோவாட்டை 63 என்று போட்டால் 63 மெகாவாட். நம் 12 கிலோமீட்டர் ராபிட் லைன் 0.85 பவர் ஃபாக்டரில் சுமார் 3.2 மெகாவாட்டுக்கு மேல் கொண்டுபோகவே முடியாது, அதற்கு மேல் கணக்குக்கு விடை கிடையாது. நிஜத்தில் கம்பி அதற்கு வெகு முன்பே தாங்காது.

ஓப்பன் டிஎஸ்எஸ்ஸில் ஒரு பொறி இருக்கிறது, மலை ஃபீடர்களில் இது நிச்சயம் கடிக்கும். வோல்டேஜ் 0.95 பர் யூனிட்டுக்குக் கீழே போனால், நீங்கள் மாறாச் சுமை (வோல்டேஜ் மாறினாலும் அதே வாட்டை எடுப்பது) என்று கொடுத்ததை அது தானாகவே மின்தடைச் சுமையாக மாற்றிவிடும். கணக்கு நின்றுபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் நம் ஃபீடர் 0.916இல் நிற்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் சுமை குறைந்து, வோல்டேஜ் உண்மையைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கீழ் வரம்பை 0.85 என்று இறக்கி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

மாடல் உண்மை பேசுகிறதா?

லாக் ஷீட்டில் உள்ள ஆம்பியரும் மாடல் தரும் ஆம்பியரும் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் பிரித்துக் கொடுத்ததே அந்த ஆம்பியரை வைத்துத்தான் என்பதால் இது மட்டும் போதாது. உச்ச நேரத்தில் லைனின் கடைசியில் உள்ள ஒரு வீட்டில், மின்பணியாளர் ஒருவரை வைத்து, பிளக்கில் வோல்டேஜை அளந்து பாருங்கள். 10.07 கேவி என்றால் டிரான்ஸ்பார்மரின் எல்டி பக்கம் சுமையில்லாதபோது ஒரு ஃபேசுக்கு சுமார் 229 வோல்ட். முழுச் சுமையில் டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே மூன்று, நான்கு சதவீதம் போய் 220க்கு வந்துவிடும். அதற்கப்புறம் எல்டி லைன். வீட்டுக்கு 230இலிருந்து 6 சதவீதம் வரை, அதாவது 216 வரைதான் இறங்கலாம். எல்டி லைனுக்கு மிஞ்சுவது நான்கே வோல்ட். டீக்கடைக் கேள்விக்குப் பதில் இதுதான்: வீட்டு வாசலுக்கு வரும் முன்பே கையிருப்பு தீர்ந்துபோகிறது.

அளந்ததும் மாடலும் விலகினால் சுமையைத் திருத்தும் முன் கம்பியையும் நீளத்தையும் சந்தேகப்படுங்கள்.

இனி கேள்வி கேளுங்கள்

கடைசியில் ஒரு கெப்பாசிட்டர் (ரியாக்டிவ் சுமையை அங்கேயே ஈடுசெய்யும் கருவி) வைத்தால்? 11 கேவிக்கு 400 கேவிஏஆர் என்று எழுதியதை முழுக்க ராபிட் உள்ள அதே ஃபீடரில் வையுங்கள். வோல்டேஜ் 10.23க்கு ஏறும், இழப்பு 90இலிருந்து 68 கிலோவாட்டுக்கு இறங்கும். வோல்டேஜ் குறைவாக இருப்பதால் அது 400 தராது, சுமார் 346தான் தரும். வோல்டேஜின் வர்க்கத்தில் குறைவது கெப்பாசிட்டரின் இயல்பு. பாண்டாபவரில் ஷண்டாக (பஸ்ஸோடு பக்கவாட்டில் இணையும் உறுப்பு) போட்டு ரியாக்டிவ் எண்ணைக் கழித்தல் குறியோடு கொடுங்கள், கூட்டலில் கொடுத்தால் வோல்டேஜ் இன்னும் இறங்கும். பிறகு நள்ளிரவுச் சுமையிலும் ஓட்டிப் பாருங்கள், கெப்பாசிட்டர் அப்படியே இணைந்திருந்தால் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறலாம்.

வீசல் துண்டை ரக்கூனாக மாற்றினால், நடுவில் இன்னொரு ஃபீடரோடு இணைத்தால் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

மரம் விழும் பருவம்

ஆடி, ஆவணியில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மழைக்குக் கற்பூர மரமும் சில்வர் ஓக்கும் லைன்மேல் சாயும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். இங்கே ஷார்ட் சர்க்யூட் கணக்கு உயிர் காக்கும் கணக்கு.

துணை மின்நிலைய பஸ்ஸில் ஃபால்ட் லெவல் (பழுது நேர்ந்தால் அங்கே பாயக்கூடிய அளவு) 150 எம்விஏ என்று வைத்தால் அங்கே மூன்று ஃபேஸ் ஃபால்ட்டில் சுமார் 7,900 ஆம்பியர் பாயும். அதே ஃபால்ட் நம் 12ஆவது கிலோமீட்டரில் நடந்தால் 750 ஆம்பியர்தான். ஒற்றைக் கம்பி அறுந்து காய்ந்த பாறைமேல் கிடந்தால் சில ஆம்பியர்கூட இருக்காது, அதை ரிலே (பழுதை உணர்ந்து பிரேக்கரை விழச் செய்யும் கருவி) சாதாரணச் சுமை என்றே நினைக்கும். கம்பி உயிரோடு கிடக்கும். ஆகவே ரிலே அமைப்பைச் சோதிக்க அருகிலுள்ள பெரிய ஃபால்ட்டைப் பார்ப்பது போதாது, தூரத்துச் சின்ன ஃபால்ட்டையும் மண்ணின் தடையைச் சேர்த்து ஓட்டுங்கள். கணக்கில் தெரியாத அளவுக்குக் குறைந்தால் அதை ஏஇயிடம் எழுத்தில் சொல்லுங்கள். கீழே கிடக்கும் கம்பியை யாரும் தொடக்கூடாது என்பதை ஊரில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர். கருவிகளின் தர அளவு பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்குத்தான். அதற்கு மேல் காற்று மெலிவதால் இன்சுலேஷன் தாங்கும் அளவும் குளிரும் வேகமும் குறையும். லோட் ஃப்ளோ விடையை இது மாற்றாது. ஆனால் டிரான்ஸ்பார்மர் 95 சதவீதம் சுமையில் இருக்கிறது, பரவாயில்லை என்று முடிவெடுக்கும் முன் தயாரிப்பாளர் கொடுத்த உயரத் திருத்தத்தைப் பாருங்கள்.

முடித்ததைப் பிரிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்போது வண்ணப் படங்களை முன்னால் வைக்க வேண்டாம். முதல் பக்கத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட அனுமானங்களை எழுதுங்கள்: எந்த நாள் லாக் ஷீட், பவர் ஃபாக்டர் எவ்வளவு, எந்தத் துண்டை நேரில் பார்த்தீர்கள், எந்தத் துண்டைக் கேட்டு எழுதினீர்கள், எந்தச் சுவிட்ச் திறந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் கம்பி மாறும் கம்பங்களின் பட்டியலும், அளந்த வோல்டேஜும் மாடல் வோல்டேஜும் பக்கத்தில் பக்கத்தில். அடுத்த வருஷம் புதிதாக ஒரு கிளை லைன் போட்டால், இன்னொருவர் அந்த இரண்டு பக்கத்தை வைத்தே உங்கள் மாடலைத் தொடர முடியும்.